இங்கிலீஷுக்கு யார் காவல்?

இங்கிலீஷ் பாஷை செத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு கூக்குரல் முந்நூறு வருஷங்களுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நோயாளியோ திடகாத்திரமாகக் கடல்களைத் தாண்டிப் போய், நாடு நாடாகக் குடியேறி, கடை வைத்து, கோர்ட்டு நடத்தி, நாவல் எழுதி, விமானம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிற வைத்தியர்கள்தாம் தலைமுறைக்குத் தலைமுறை மாண்டுபோகிறார்கள். அவர்கள் எழுந்த இடத்தில் புதிய வைத்தியர்கள் வந்து உட்கார்ந்து, அதே ஒப்பாரியை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.

இந்த வைத்தியர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இவர்கள் பாஷையைக் காப்பாற்றவில்லை. பாஷையின் பெயரைச் சொல்லித் தங்கள் ஆசனத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்பது என் கட்சி. 'அது வெள்ளைக்காரன் பாஷை. அதன் இலக்கணத்தைப் பற்றித் தமிழில் கதை எழுதுகிறவனுக்கு என்ன வந்தது? அதுவும் கல்லூரியில் இரண்டே வருஷம் படித்தவனுக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் உங்களுக்கும் இதில் வந்தது இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதை நடந்த ஊருக்குப் போவோம்.

1710-ஆம் வருஷம். பிற்காலத்தில் கலிவரின் யாத்திரைகளை எழுதி அழியாப் புகழ் பெற்ற ஜொனாதன் ஸ்விஃப்ட், 'டாட்லர்' என்ற பத்திரிகையில் ஒரு புகார் எழுதினார். ஜனங்கள் சொற்களை ஒட்ட நறுக்கிப் பேசுகிறார்கள் என்பது புகார். கும்பலுக்கு 'மாப்' என்று ஒரு சொல் அப்போது கிளம்பியிருந்தது. நிலையில்லாத ஜனக்கூட்டம் என்று பொருள்படும் லத்தீன் தொடர் ஒன்றின் தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்ட சொல் அது. அதை ஒழிப்பதற்குத் தம்மால் ஆனமட்டும் போராடியதாகவும், எதிரிகளின் எண்ணிக்கை மிகுதியாகிவிட்டதாகவும், உதவுவதாக வாக்குக் கொடுத்தவர்களே கைவிட்டுவிட்டதாகவும் அவர் அங்கலாய்த்தார். அதோடு விட்டாரா? அப்போது நடந்துகொண்டிருந்த ஐரோப்பிய யுத்தத்தினால் சில நீளமான சொற்கள் பாஷையில் நுழைந்துவிட்டன, இன்னும் சில படையெடுப்புகளுக்கு மேல் அவை உயிர் தரிக்கமாட்டா என்று ஜோசியமும் சொன்னார். அந்த ஜாபிதாவில் இருந்தவற்றில் மூன்று சொற்கள்: 'ஆபரேஷன்', 'கம்யூனிகேஷன்', 'பட்டாலியன்'. இன்று நம்முடைய கிராமத்துப் பாட்டிகூடக் 'கண்ணுக்கு ஆபரேஷன் ஆச்சு' என்கிறாள். ஸ்விஃப்டின் ஜோசியம் பலித்த லட்சணம் இது.

1712-ல் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ராஜாங்கத்தின் பொக்கிஷ மந்திரியாக இருந்த ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதி அச்சிட்டார். தகுதி உள்ளவர்கள் கூடி ஒரு சபை அமைத்து, பாஷையைத் திருத்தி, பிறகு அதை என்றென்றைக்கும் மாறாதபடி நிலைநிறுத்திவிட வேண்டும் என்பது யோசனை. 1714-ல் ஆன் ராணி இறந்தாள், மந்திரிசபை கவிழ்ந்தது, யோசனையும் அதோடு போயிற்று. பாஷை பிழைத்தது.

வாலை நறுக்குவது பாவம் என்று ஸ்விஃப்ட் சொன்னாரே, அதற்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. 1829-ல் லண்டன் வீதியில் ஷில்லிபியர் என்பவர் பொது ஜனங்களுக்காகக் குதிரை வண்டி விட்டார். அதற்குப் பெயர் 'ஆம்னிபஸ்'. லத்தீனில் 'எல்லோருக்கும்' என்று அர்த்தம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? 'எல்லோர்' என்ற தலையை வெட்டி எறிந்துவிட்டு, வேற்றுமை உருபு ஒட்டியிருந்த வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதுதான் பஸ். நம்முடைய 'கு' உருபுக்குச் சக்கரம் கட்டி ஓட்டியது போன்ற காரியம் இது! எந்த இலக்கண சாஸ்திரமும் இதற்கு அனுமதி கொடுக்காது. ஆனால் உலகம் முழுவதும் அந்த வாலில் ஏறித்தான் ஆபீசுக்குப் போகிறது. பஸ்ஸில் ஏற மாட்டேன், ஆம்னிபஸ்ஸில்தான் ஏறுவேன் என்று அடம்பிடித்த பண்டிதர் யாராவது இருந்திருந்தால் அவர் நடந்தே போயிருப்பார்.

ஸ்விஃப்டுக்குப் பிறகு வந்தவர் சாமுவேல் ஜான்ஸன். 1747-ல் அகராதி எழுதப் போவதாக அறிக்கை வெளியிட்டபோது, அவருக்கும் பாஷையை ஓர் இடத்தில் நிறுத்திவிடலாம் என்ற ஆசை இருந்தது. எட்டு வருஷம் சொற்களோடு மல்லாடினார். 1755-ல் அகராதி வெளிவந்தபோது அதன் முன்னுரையில் அந்த ஆசையைத் தாமே தகனம் செய்தார். மனிதன் ஆயிரம் வருஷம் வாழ மருந்து தருகிறேன் என்கிறவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பாஷைக்குச் சாவும் மாறுதலும் இல்லாமல் செய்கிறேன் என்கிற அகராதிக்காரனைப் பார்த்தும் அதே நியாயத்தோடு சிரிக்கலாம் என்ற பொருளில் எழுதினார். மாறுதலில் அவருக்குப் பிரியம் இல்லை. முடிந்தவரை தடுக்க வேண்டும் என்றுதான் அவர் கடைசிவரை நினைத்தார். ஆனாலும் கண்ணால் கண்டதை மறைக்கவில்லை. பெரிய மனிதன் என்றால் அவன்தான்.

ஜான்ஸன் கண்டதைக் காண மறுத்தவர்கள் அவருக்குப் பின்னால் பெருகினார்கள். அவர்கள் கையில்தான் இலக்கணம் பிரம்பாயிற்று.

இந்தப் பிரம்படிகளில் பேர்போன சிலவற்றின் ஜாதகத்தைப் பாருங்கள். 'வாக்கியத்தின் முடிவில் முன்னிடைச்சொல் வரக்கூடாது' என்று ஒரு விதி. இது எந்த ரிஷியின் வாக்கு? கவிஞர் ஜான் டிரைடன் 1672-ல் பென் ஜான்ஸனின் எழுத்தில் அதை ஒரு குற்றமாகக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த பிறகு, 1668-ல் தாமே எழுதியிருந்த நாடகக் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, 1684-ல் மறுபதிப்பு வந்தபோது வாக்கிய முடிவில் இருந்தவற்றையெல்லாம் தேடித் தேடித் திருத்தினார். அதாவது, விதியை உண்டாக்கியவருக்கே அது சுபாவமாக வரவில்லை. 1762-ல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லவுத் என்ற பாதிரியார், இந்த வழக்கம் நம் பாஷைக்கு மிகவும் இஷ்டமானது, பேச்சில் எங்கும் உள்ளது, ஆனால் கம்பீரமான எழுத்துக்கு மற்றதே அழகு என்ற அளவில் சொல்லி நிறுத்திக்கொண்டார். அதைச் சொன்ன வாக்கியத்தையே அவர் முன்னிடைச்சொல்லில்தான் முடித்தார்! அவருடைய சீடர்களுக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. 'மற்றது அழகு' என்றதை 'இது தப்பு' என்று மாற்றிப் பிள்ளைகளின் உள்ளங்கையைப் பழுக்க வைத்தார்கள்.

இன்னொன்று, 'டு' என்ற சொல்லுக்கும் அதை அடுத்த வினைச்சொல்லுக்கும் நடுவில் வேறொரு சொல் நுழையக்கூடாது என்ற விதி. 1834-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் பெயர் போடாத ஒருவர் இதைக் குற்றமென்று எழுதினார். 1864-ல் டீன் ஆல்ஃபோர்டு என்ற மதகுரு இங்கிலாந்தில் அதே பல்லவியைப் பாடினார். பிற்பாடு இதற்கு ஒரு நியாயமும் கற்பிக்கப்பட்டது: லத்தீனில் அது ஒரே சொல்லாக இருக்கிறது, அதைப் பிளக்க முடியாது, ஆகையால் இங்கிலீஷிலும் பிளக்கக்கூடாது. குதிரைக்குக் கொம்பு இல்லை என்பதற்காகப் பசுவின் கொம்பை அறுத்துவிடு என்கிற நியாயம் இது. இங்கிலீஷ் பிரயோகத்துக்கு 1926-ல் பெரிய நூல் எழுதிய ஃபௌலர், ஒழுங்கில் மிகவும் கண்டிப்பானவர். அவரே இந்த விதிக்குப் பயந்து நடுங்குகிறவர்களைப் பரிகாசம் செய்திருக்கிறார். அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாமல், தெரிந்துகொள்ளக் கவலையும் படாமல் இருப்பவர்கள்தாம் பாக்கியசாலிகள் என்று அவருடைய தீர்ப்பு.

இந்த நடுக்கத்தின் எல்லையை 2009-ல் உலகமே பார்த்தது. அமெரிக்க ஜனாதிபதியாக ஒபாமா பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டபோது, வாசகத்தைச் சொல்லிக்கொடுத்த தலைமை நீதிபதி, துணைவினைக்கும் வினைக்கும் நடுவில் இருந்த 'விசுவாசத்தோடு' என்ற சொல்லைத் தூக்கி வாக்கியத்தின் கடைசியில் போட்டுவிட்டார். சொற்களைப் பிளக்கக்கூடாது என்று ஊறிப்போன பயமே அவர் நாக்கைப் புரட்டியிருக்க வேண்டும் என்று மொழி அறிஞர் ஸ்டீவன் பிங்கர் ஊகித்து எழுதினார். ஊகம் சரியோ தப்போ, அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கும் வாசகம் பிசகிவிட்டது என்று மறுநாள் மாளிகைக்குள் இன்னொரு தடவை பிரமாணம் நடந்தது உண்மை.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன். யாரோ நாலு பண்டிதர்கள் முன்னிடைச்சொல்லுக்காக மண்டையை உடைத்துக்கொண்டால் நமக்கென்ன? ஆனால் இலக்கணம் என்ற போர்வைக்குள் மனிதர்களின் வாழ்வும் கௌரவமும் நசுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடத்துக்கு இப்போது வருகிறேன்.

இங்கிலீஷில் ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைக் குறிக்கச் சரியான ஒருமைச் சொல் இல்லை. 'ஹீ' என்றால் ஆண். 'ஷீ' என்றால் பெண். 'யாரோ வந்தார், குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்' என்று நாம் சொல்வதை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? 'தே' என்ற பன்மைச் சொல்லை அந்த ஒருவருக்குப் போட்டுச் சொல்வார்கள். இது நேற்று முளைத்த வழக்கம் அல்ல. சாஸர் காலத்திலிருந்து இருக்கிறது, ஷேக்ஸ்பியரில் இருக்கிறது, ஜேன் ஆஸ்டின் தம் நாவல்களில் தாராளமாக எழுதியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் வந்து, 'ஒருவருக்குப் பன்மையா? தப்பு. ஹீ என்றே எழுது. ஆணுக்குள் பெண் அடக்கம்' என்று கட்டளை போட்டார்கள். எண் பிழைபடக்கூடாதாம், பால் பிழைபடலாமாம்! 1850-ல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு இதைச் சட்டமாகவே ஆக்கியது. சட்டங்களில் ஆண்பாற் சொல் வந்தால், வேறு விதமாகச் சொல்லப்படாதவரை அது பெண்ணையும் குறிக்கும் என்று எழுதிவைத்தார்கள்.

'நல்லதாய்ப் போயிற்று' என்று எண்ணினார்கள் மான்செஸ்டர் நகரத்துப் பெண்கள். 1867-ல் வாக்குரிமையை விரிவாக்கும் சட்டம் வந்தது. அதில் 'ஆண்மகன்' என்று பொருள்படும் சொல் இருந்தது. வீட்டு வரி கட்டிக்கொண்டிருந்த பெண்கள் 5,000 பேருக்கு மேல், 'ஆணுக்குள் பெண் அடக்கம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? எங்கள் பெயரையும் வாக்காளர் ஜாபிதாவில் சேருங்கள்' என்று மனுப் போட்டார்கள். 1868-ல் கோர்ட்டு தீர்ப்பளித்தது: இந்த இடத்தில் மட்டும் அடக்கம் இல்லை. வரி கட்டும்போது அடக்கம். தண்டனை கொடுக்கும்போது அடக்கம். ஓட்டுப் போடும்போது விலக்கம். அவர்கள் 1918 வரை காத்திருந்தார்கள். அப்போதும் முப்பது வயது கடந்த சிலருக்குத்தான் கிடைத்தது. ஆண்களோடு சமமாகக் கிடைத்தது 1928-ல்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் இதே கதை. சூஸன் ஆந்தனி 1872-ல் ராச்செஸ்டர் நகரில் துணிந்து ஓட்டுப் போட்டு, கைதாகி, 1873-ல் விசாரணைக்கு நின்று, 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டாள். அபராதத்தைக் கடைசிவரை கட்டவே இல்லை. விசாரணைக்கு முன்னால் ஊர் ஊராகச் சென்று பேசிய பிரசங்கத்தில் அவள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று சாட்சாத் இலக்கணக் கேள்வி: வரிச் சட்டத்திலும் குற்றச் சட்டத்திலும் 'அவன்' என்றுதான் இருக்கிறது, 'அவள்' எங்கும் இல்லை, அந்த 'அவன்' என்னைக் குறிக்காது என்றால் என்னிடம் வரி கேட்காதே, என்னைத் தூக்கிலும் போடாதே, குறிக்கும் என்றால் ஓட்டையும் கொடு. இதற்கு எந்த இலக்கண வித்துவான் பதில் சொன்னார்?

இப்படிப்பட்ட பழைய பாவத்தைச் சுமந்துகொண்டிருக்கும் விதியைத்தான் இன்றைக்கும் சிலர் பதிவிரதா தர்மம் போலக் காக்கிறார்கள். 2019-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள், தம்மை ஆணென்றும் பெண்ணென்றும் சொல்லிக்கொள்ளாத ஒருவரைக் குறிக்கும் 'தே'யையும் அகராதியில் ஏற்றி, அந்தச் சொல்லையே அவ்வருஷத்தின் சொல்லாகவும் அறிவித்தார்கள். உடனே, 'ஒருவருக்குப் பன்மையா!' என்ற பழைய கூக்குரல் கிளம்பியது. கூக்குரல் போட்டவர்கள் எல்லோரும் எதிரே இருக்கும் ஒருவரை 'யூ' என்றுதான் அழைக்கிறார்கள். 'யூ' என்பதே ஒரு காலத்தில் பன்மை. ஒருவனுக்குத் 'தௌ' என்று தனிச் சொல் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார், ஒருவனைப் பன்மையில் அழைப்பது பொய், முகஸ்துதி என்று சொல்லி, நீதிபதியானாலும் பிரபுவானாலும் 'தௌ' என்றே அழைத்தார்கள். அதற்காக உதையும் பட்டார்கள். அவர்களுடைய தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660-ல் கூட்டாளிகளோடு சேர்ந்து, பல பாஷைகளின் ஒருமை பன்மைகளை எடுத்துக்காட்டி ஒரு புத்தகமே போட்டார். இலக்கணப்படி பார்த்தால் க்வேக்கர்கள் கட்சிதான் சரி. ஆனால் ஜனங்களின் வாய் வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்று அந்த 'யூ'வை வாய் கூசாமல் சொல்கிறவர்களுக்குத் 'தே'யைச் சொல்ல மட்டும் வாய் கூசுவானேன்?

இரட்டை எதிர்மறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு 'இல்லை' வந்தால் ஒன்றையொன்று அழித்து 'உண்டு' ஆகிவிடும் என்று பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். நம் தமிழில் அந்தக் கணக்கு சரி. 'இல்லாமல் இல்லை' என்றால் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் ரஷ்யனும் ஸ்பானிஷ்காரனும் இரண்டு மூன்று எதிர்மறைகளை அடுக்கித்தான் 'இல்லை' என்கிறார்கள். சாஸரும் அப்படித்தான் எழுதினார். ஒவ்வொரு பாஷைக்கும் அதனதன் தர்மம். அமெரிக்கக் கறுப்பு மக்களின் பேச்சில் அந்தப் பழைய தர்மம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்ட பள்ளிக்கூடங்கள் என்ன செய்தன? குழந்தைக்கு மூளை மட்டு என்றன. மிஷிகன் ராஜ்யத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில், மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்ட ஓர் ஆரம்பப் பள்ளியில், ஏழைக் கறுப்புக் குழந்தைகளைக் கற்கும் திறன் குறைந்தவர்கள் என்று ஒதுக்கியதை எதிர்த்துத் தாய்மார்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1979-ல் நீதிபதி ஜாய்னர், வீட்டில் அந்தக் குழந்தைகள் பேசுவது இன்ன பாஷை என்று உபாத்தியாயர்கள் முதலில் தெரிந்துகொண்டு, அதை மனசில் வைத்துப் படிக்கச் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவிட்டார். குழந்தைக்கு மூளை மட்டு இல்லை. அதன் வாயில் இருந்த இலக்கணத்தைக் கேட்கத் தெரியாத காதுதான் மட்டு. அதைச் சொல்ல ஒரு கோர்ட்டு வேண்டியிருந்தது.

கேட்டதைக் கேட்டபடி எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு 1961 ஒரு சாட்சி. அந்த வருஷம் பிலிப் கோவ் என்பவரை ஆசிரியராகக் கொண்டு வெப்ஸ்டர் பேரகராதியின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. 4,50,000 பதிவுகள். 'எயின்ட்' என்ற சொல்லைப் பலர் வெறுக்கிறார்கள், ஆனாலும் படித்தவர்களில் பலரும் பேச்சில் சொல்கிறார்கள் என்ற பொருளில், உள்ளதை உள்ளபடி அதில் எழுதியிருந்தார்கள். பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதிச் சாடியது. 'அமெரிக்கன் ஹெரிடேஜ்' என்ற நிறுவனத்தின் தலைவர் அகராதிக் கம்பெனியின் பங்குகளையே வாங்கி அந்தப் பதிப்பை நிறுத்தப் பார்த்தார். முடியாமற் போகவே 1969-ல் தாமே வேறொரு அகராதி வெளியிட்டார். துப்பறியும் கதாசிரியர் ரெக்ஸ் ஸ்டௌட் 1962-ல் எழுதிய ஒரு நாவல், அவருடைய துப்பறியும் சிங்கம் நீரோ உல்ஃப் இந்த அகராதியைப் பக்கம் பக்கமாகக் கிழித்துக் கணப்பில் போட்டு எரிப்பதில்தான் ஆரம்பிக்கிறது. நாவலில் எரிப்பது ஆசிரியனின் சுதந்திரம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நாட்டில் கற்றறிந்தவர்கள் அந்தக் கணப்பைச் சுற்றி நின்று கைகொட்டினார்களே, அதுதான் வெட்கம். கண்ணாடியில் தெரிந்த முகம் பிடிக்கவில்லை என்று கண்ணாடியை உடைத்த கதை.

எதிர்க்கட்சிக்காரர் ஒரு கேள்வி வைத்திருக்கிறார். அது கனமான கேள்வி, தட்டிக் கழிக்கக்கூடாது. 'விதியே வேண்டாம் என்கிறாயா? ஆளுக்கொரு விதமாகப் பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்குமா? நீ ஏழைப் பிள்ளையைச் சுதந்திரமாகப் பேசு என்பாய். உத்தியோகம் கொடுக்கிறவன் அவனைத் தள்ளிவிடுவான். பிறகு அவன் வயிற்றுக்கு நீ சோறு போடுவாயா?' என்கிறார்.

விதி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எந்தப் பாஷையிலும் இரண்டு வகை விதிகள் உண்டு. பேசுகிறவர்களின் நாக்கிலேயே ஊறியிருப்பவை முதல் வகை. அவற்றுக்குப் போலீஸ் வேண்டாம். எந்த இங்கிலீஷ்காரக் குழந்தையும் 'தி' என்ற சொல்லைப் பெயருக்குப் பின்னால் போடாது. எந்தத் தமிழ்க் குழந்தையும் 'அம்மா வந்தான்' என்று சொல்லாது. அர்த்தம் விளங்குவது இந்த விதிகளால்தான். இரண்டாவது வகை, மேலே இருந்து ஒட்டவைக்கப்பட்டவை. இவை மீறப்பட்டால் அர்த்தம் கெடுவதில்லை. மீறியவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று காட்டிக்கொடுப்பதற்கு மட்டும் இவை பயன்படுகின்றன. உத்தியோகத்துக்கு இவை வேண்டும் என்றால் சொல்லிக்கொடுங்கள், ஆட்சேபணை இல்லை. கல்யாணத்துக்குப் போகும்போது சட்டை போட்டுக்கொள் என்று சொல்வதைப் போலச் சொல்லிக்கொடுங்கள். சட்டை இல்லாதவன் மனிதனே இல்லை என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கல்விக்கும் அவமானத்துக்கும் உள்ள வித்தியாசம்.

சொல்லை ஆளுவதே தொழிலாகக் கொண்ட எனக்கு அலட்சியமான எழுத்தின் மேல் இரக்கம் கிடையாது. ஒரு சொல் இடம் தவறி விழுந்தால் இரவெல்லாம் உறுத்துகிறவன் நான். ஆனால் அந்த உறுத்தல் காதில் பிறக்க வேண்டும். யாரோ கொடுத்த ஜாபிதாவில் பிறக்கக்கூடாது.

இப்போது நமக்கு என்ன வந்தது என்பதற்கு வருகிறேன்.

ஜான் வாலிஸ் என்று ஒரு கணித மேதை. முடிவிலிக்கு இன்று உலகம் எழுதுகிற குறியைக் கொடுத்தவர். 1653-ல் லத்தீன் பாஷையில் எழுதிய இங்கிலீஷ் இலக்கணத்தில், எதிர்காலத்துக்கு 'ஷல்' எங்கே வரும், 'வில்' எங்கே வரும் என்று ஒரு சூத்திரம் சொன்னார். தன்மைக்கு ஒன்று, முன்னிலைக்கும் படர்க்கைக்கும் இன்னொன்று; உறுதி சொல்லும்போது எல்லாம் தலைகீழ். ஸ்காட்லாந்துக்காரனுக்கும் ஐரிஷ்காரனுக்கும் அமெரிக்கனுக்கும் இது பிடிபடவே இல்லை. தண்ணீரில் விழுந்த ஐரிஷ்காரன், 'ஐயோ மூழ்கப் போகிறேன், காப்பாற்ற ஆளில்லையே' என்று சொல்ல நினைத்து 'ஷல்'லையும் 'வில்'லையும் மாற்றிச் சொன்னானாம். 'மூழ்கியே தீருவேன், எவனும் என்னைக் காப்பாற்றக்கூடாது' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, கரையில் நின்ற இங்கிலீஷ்காரர்கள் மரியாதையாகத் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். இது அவர்களே சொல்லிச் சிரிக்கும் பழங்கதை. அவர்கள் சிரித்துவிட்டு அந்த விதியை மறந்தும்விட்டார்கள். நம் ஊரில்தான் அதை மனப்பாடம் செய்தார்கள். 1930-களில் வந்து, இன்றும் கடைகளில் விற்கும் ரென்-மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை வைத்துத் தலைமுறை தலைமுறையாக உருப்போட்டார்கள். அந்த ரென், 'பியூ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை 1924-ல் எழுதிய அதே ரென்தான். நாவலாசிரியன் எழுதிய சூத்திரம் நமக்கு வேதமாயிற்று!

பெருமாள் ஊர்வலம் போய் எத்தனையோ நாளான பிறகும் காலியான வாகனத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறோம். வெள்ளைக்காரன் கழற்றி எறிந்த விதியை நாம் எடுத்து மாட்டிக்கொண்டு, அதை மாட்டிக்கொள்ளத் தெரியாத ஏழைப் பிள்ளையை இளக்காரம் செய்கிறோம். வகுப்பில் ஒரு பையன் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் இங்கிலீஷில் பேசுகிறான். அவன் என்ன சொன்னான் என்று யாரும் கேட்பதில்லை; எங்கே இடறினான் என்றுதான் பார்க்கிறார்கள். அவன் மறுபடி வாயைத் திறப்பதில்லை. அறிவு இருந்தும் வாய் அடைபட்டுப்போன எத்தனை பேரை நம் ஊரில் ஒவ்வொரு தெருவிலும் பார்க்கிறோம்! அந்த வாயை அடைத்தது இங்கிலீஷ் அல்ல. இங்கிலீஷின் பெயரால் நம்மவர் செய்த துரைத்தனம். 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக நம் ஆபீஸ்காரர்கள் வழக்கில் கொண்டுவந்த 'ப்ரீபோன்' என்ற சொல்லைப் பார்த்து நம்மவர்களே எவ்வளவு ஏளனம் செய்தார்கள்! ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதைச் சேர்த்துக்கொண்டது. நம்முடைய சுருட்டையும் கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் எடுத்துக்கொண்ட பாஷைக்கு இது ஒன்றும் புதிதல்ல. அதன் பலமே அதன் வாசல் திறந்திருப்பதுதான்.

இதில் எனக்குப் பெரிய வேதனை என்னவென்றால், நம்முடைய சொந்த இலக்கண மரபு இதைவிட எவ்வளவோ விசாலமானது. ஒருவரைப் பன்மையால் சொல்லுகிற வழக்கத்தைத் தொல்காப்பியர் கண்டார். இது இலக்கண நெறிப்பட்டது அல்ல, வழக்கில் வந்த உயர்சொல் என்று தெளிவாக எழுதினார். எழுதிவிட்டுப் பிரம்பை எடுத்தாரா? இல்லை, அதற்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டு மேலே போனார். இன்று நாம் 'அவர்' என்கிறோம்; 'கலெக்டர் அவர்கள்' என்று பன்மைக்கு மேல் பன்மையை ஏற்றுகிறோம். இதில் யாருக்கும் எண் மயங்கவில்லை, மரியாதைதான் கூடியிருக்கிறது. இங்கிலீஷ்காரன் 'தே'யை வைத்துக்கொண்டு முட்டி மோதிக்கொள்கிற இடத்தை நாம் என்றைக்கோ கடந்துவிட்டோம். பழையன போவதும் புதியன வருவதும் குற்றமல்ல, அது காலத்தின் தன்மை என்று நன்னூலில் பவணந்தியார் சூத்திரமே எழுதிவைத்தார். இலக்கணத்துக்குள்ளேயே மாறுதலுக்கு வாசல் வைத்துக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், அயலான் வீட்டு வாசலில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று, அந்த வீட்டுக்காரனையே உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள்.

இங்கிலீஷுக்குக் காவல் வேண்டாம். அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். காவல் வேண்டியது அதைப் பேசத் துணிகிற பிள்ளைகளுக்குத்தான். உபாத்தியாயர்களே, உத்தியோகம் கொடுக்கிற கனவான்களே, அடுத்த தடவை ஒரு பையனோ பெண்ணோ உங்கள் முன்னால் நின்று தப்பும் தவறுமாக ஒரு வாக்கியம் சொன்னால், முதலில் அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். விளங்கினால் பதில் சொல்லுங்கள். திருத்துவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.